கோனேரிப்பட்டி வெள்ளிக் காசுகளும் மூன்று பெயர்களின் மயக்கமும்

சேலம் மாவட்டத்தின் தொன்மையைச் சுருக்கமாக எடுத்துரைக்கும் அரசுக் குறிப்பிலும், அதனை அடியொற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றிலும் ஒரு செய்தி தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. 1987ஆம் ஆண்டு சேலத்தைச் சேர்ந்த கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன என்பதும், அவை ‘டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ’ என்னும் பேரரசருக்குரியவை என்பதும், அவருடைய காலம் கி.பி. 37 முதல் 68 வரை என்பதும் அச்செய்தியின் சாரம். கற்காலம் தொட்டுத் தொடங்கிப் பல நூற்றாண்டுகளை விரைந்து கடந்து செல்லும் ஒரு வரலாற்றுச் சுருக்கத்தில் இது ஒரே ஒரு வாக்கியம்தான். எனினும், சேலம், நாமக்கல் சமவெளி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல்கடந்த வாணிகத்தோடு தொடர்பு கொண்டிருந்தது என்று நிலைநாட்ட விரும்புவோர்க்கு இவ்வாக்கியமே பற்றுக்கோடாக இருந்து வருகிறது.

அத்தகைய வாக்கியம் தன்னுள்ளேயே முரண்பட்டு நிற்கிறது என்பதைச் சுட்டிக்காட்டுவதும், அம்முரண்பாட்டைக் களைவதற்குக் காசுகளையே சாட்சியாக அழைக்கும் முறை யாது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். குறை காண்பது நம் கருத்தன்று. ஒரு நல்ல சான்று கெட்ட வாக்கியத்தினால் பயனிழந்து போவதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது என்பதே நம் கருத்து.

முதலில் முரண்பாடு எங்கே உள்ளது என்பதைக் காண்போம். கி.பி. 37 முதல் 68 வரை ரோமை ஆண்ட ஒரே பேரரசர் என்று எவரும் இலர். அம்முப்பத்தோராண்டுக் காலத்தில் அரியணையில் அமர்ந்தோர் மூவர்: காலிகுலா என வழங்கப்பெறும் கையஸ் (37-41), கிளாடியஸ் (41-54), நீரோ (54-68). வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் டைபீரியஸோ கி.பி. 14இல் ஆட்சிக்கு வந்து 37இல் மறைந்தவர். ஆகவே, வாக்கியம் குறிக்கும் காலம் தொடங்கும் ஆண்டிலேயே அது குறிக்கும் அரசரின் வாழ்வு முடிந்து விடுகிறது. பெயரை ஏற்றால் ஆண்டுகளைத் தள்ள வேண்டும். ஆண்டுகளை ஏற்றால் பெயரைத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒருங்கே ஏற்பதற்கு வழியில்லை.

இக்குழப்பத்தின் வேர் ரோமானியர் பெயரிடும் முறையில் உள்ளது. ‘டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ’ என்பது கற்பனைப் பெயரன்று. கி.மு. 42இல் பிறந்த டைபீரியஸுக்கு இளமையில் வழங்கிய முழுப்பெயர் அதுவே. அவருடைய தந்தைக்கும் அதே பெயர்தான். கி.பி. 4இல் அகஸ்டஸ் அவரைத் தம் மகனாகச் சுவீகரித்துக் கொண்ட பின்னர் அவர் டைபீரியஸ் ஜூலியஸ் சீசர் ஆனார். அவருடைய தம்பி மகனான கிளாடியஸும் அரியணை ஏறுவதற்கு முன் டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ ஜெர்மானிக்கஸ் என்றே அழைக்கப்பட்டார். பிறப்பால் வேறொரு குடும்பத்தவரான நீரோ, கி.பி. 50இல் கிளாடியஸால் சுவீகரிக்கப்பட்ட பின் நீரோ கிளாடியஸ் என்று பெயர் பூண்டார். ஆக, மூன்று பேரரசர்களும் ஒரே குடிப்பெயர்களின் வெவ்வேறு சேர்க்கைகளைத் தாங்கியவர்கள். குன்யத்தும் நஸபும் நிஸ்பத்தும் அடுக்கி வரும் அரபுப் பெயர்களில் ஓர் உறுப்பு விடுபட்டாலும் ஓர் அறிஞர் மற்றோர் அறிஞராகி விடுவார் என்பதை அறிந்த வாசகர்க்கு இது புதிதன்று. பெயரின் ஓர் உறுப்பை மட்டும் கொண்டு ஆளைத் தீர்மானிப்பவர் எந்த மொழியிலும் இடறுவார்.

இனி, காசு என்ன சொல்கிறது என்று கேட்போம். தெனாரியஸ் எனப்படும் இவ்வெள்ளிக் காசு ஏறக்குறைய ஒரு விரல்நக அளவினது; டைபீரியஸ் காலத்தில் அதன் எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. முகப்பில் பேரரசரின் பக்கவாட்டுத் தலையுருவமும், அதனைச் சூழ்ந்து விளிம்பை ஒட்டி ஓடும் லத்தீன் எழுத்துகளும் காணப்படும். எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்வதாலும், சொற்கள் சுருக்கப்பட்டிருப்பதாலும், ‘உ’ ஒலிக்கும் ‘வ’ ஒலிக்கும் ஒரே எழுத்து நிற்பதாலும் பழகாத கண்ணுக்கு அது வெறும் அலங்காரக் கோலமாகவே தோன்றும். பழகிய கண்ணுக்கோ அது ஒரு முகவரி.

இந்தியாவில் மிகுதியாகக் கிடைத்துள்ள டைபீரியஸின் காசை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பில் இருப்பது ‘தி சீசர் திவி அவ்க் எஃப் அவ்குஸ்துஸ்’ என்னும் தொடர். ‘தி’ என்பது டைபீரியஸ் என்பதன் சுருக்கம். ‘திவி அவ்க் எஃப்’ என்பது தெய்வநிலை எய்தியவராக ரோமானியர் அறிவித்த அகஸ்டஸின் மகன் என்று பொருள்படும். இறுதியில் நிற்கும் ‘அவ்குஸ்துஸ்’ அவருடைய பட்டம். பின்புறத்தில் ‘பொந்திஃப் மக்சிம்’, அதாவது தலைமைப் பூசகர், என்னும் பதவிப் பெயரும், செங்கோலும் ஒலிவக் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவமும் உள்ளன. இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: இக்காசின் எந்தப் பக்கத்திலும் ‘கிளாடியஸ்’ என்ற சொல்லும் இல்லை, ‘நீரோ’ என்ற சொல்லும் இல்லை. சுவீகாரத்தால் கைவிடப்பட்ட குடிப்பெயர்களைப் பேரரசர் தம் காசில் பொறிக்கவில்லை. எனவே, கோனேரிப்பட்டிக் காசுகள் டைபீரியஸுக்குரியவை என்று கொண்டால், மூன்று சொல் கொண்ட அப்பெயர் காசிலிருந்து படித்து எழுதப்பட்டதன்று. ஏதோ ஒரு வரலாற்று நூலிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்பது தெளிவு.

கிளாடியஸின் காசு இதனின்றும் வேறுபட்டது. அதன் முகப்பில் ‘தி கிளாவ்த் சீசர் அவ்க்’ என்று தொடங்கும் எழுத்துகளைக் காணலாம். டைபீரியஸ் என்னும் முற்பெயரும் கிளாடியஸ் என்னும் குடிப்பெயரும் ஒருங்கே நிற்கும் காசு இதுவே. ‘தி’ என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் பார்த்து இதனை டைபீரியஸுக்கு உரியதாக்கி விடுவது தொடக்கநிலையில் உள்ளோர் பலரும் செய்யும் தவறு. நீரோவின் காசுகளோ ‘நீரோ சீசர்’ என்று தொடங்கும். இவற்றுள் கி.பி. 64க்கு முற்பட்டவற்றின் பின்புறத்தில் கருவாலி இலைமாலையும், பிற்பட்டவற்றில் அரியணையில் அமர்ந்த யூபிடர் போன்ற உருவங்களும் காணப்படும். இம்மூவரின் காசுகளும் அருகருகே வைக்கப்படுமாயின், எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் சில நிமிடங்களில் பிரித்து வைத்துவிடுவார். அவ்வளவு எளிய பணி செய்யப்படாமையால்தான் மூவரும் ஒருவராகி விட்டனர்.

ஆண்டைக் கணிப்பதில் மட்டும் ரோமானியக் காசு சற்று அடம்பிடிக்கும். இஸ்லாமிய நாணயங்களைக் கையாண்டு பழகியோர்க்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 696-97இல், நாணயச் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பின் வெளிவந்த திர்ஹம்களில் உருவங்கள் நீங்கி எழுத்துகள் மட்டுமே நின்றன. அந்தத் திர்ஹம் தான் அச்சிடப்பட்ட ஊரையும் ஆண்டையும் தன் மேனியிலேயே சொல்லிவிடும். தெனாரியஸ் அவ்வாறு சொல்வதில்லை. அதில் பொறிக்கப்பட்ட பதவிகளை எண்ணியே ஆண்டைக் கணக்கிட வேண்டும். மக்கள் பிரதிநிதி அதிகாரம் எத்தனையாவது ஆண்டு, கான்சல் பதவி எத்தனையாவது முறை என்பன போன்ற குறிப்புகளே துணை. டைபீரியஸின் தலைமைப் பூசகர் வகைக் காசிலோ அக்குறிப்புகளும் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வடிவம் மாறாமல் அச்சிடப்பட்டது. ஆதலால், அக்காசுக்கு டைபீரியஸின் ஆட்சிக்காலம் என்ற அகன்ற எல்லையைத் தரலாமேயன்றி, குறிப்பிட்ட ஆண்டைத் தருவது அரிது.

தெனாரியஸுக்கும் நமக்குமுள்ள தொடர்பு காசோடு முடிவதில்லை. அப்பெயரே கிரேக்க வடிவம் பெற்று, கிழக்கு நாடுகளில் பொற்காசைக் குறிக்கும் ‘தீனார்’ ஆயிற்று. கிரேக்கரின் திரக்மாவோ ‘திர்ஹம்’ ஆயிற்று. திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் தீனாரும், யூசுஃப் அத்தியாயத்தில் திர்ஹமின் பன்மை வடிவமும் இடம்பெற்றுள்ளன. குப்தர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ‘தீனார’ என்ற சொல் பயில்கிறது. வெள்ளிக்கு இட்ட பெயர் பொன்னுக்குச் சென்று சேர்ந்த இவ்வரலாறு, காசைப் பற்றிய எந்தச் சொல்லையும் அதன் காலத்தோடும் உலோகத்தோடும் பொருத்திப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாணயங்களைத் தனி இயலாக ஆராய்வது நம் மரபுக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-பலாதுரி தம் வெற்றி வரலாற்று நூலின் இறுதிப் பகுதியில் நாணயங்களைப் பற்றி எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டில் அல்-மக்ரீஸி அதற்கெனவே ஒரு நூல் செய்தார்.

ஒரு பெயர் மாறிப்போவதால் என்ன குடிமுழுகி விடும் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை கி.பி. 64இல் உள்ளது. அவ்வாண்டளவில் நீரோ தெனாரியஸின் எடையைக் குறைத்தார். அதுவரை ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசுகள் வார்க்கப்பட்டன. அதன் பின் 96 காசுகள் என்ற கணக்கு வந்தது. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. தென்னாட்டுப் புதையல்களில் நீரோவின் சீர்திருத்தத்திற்குப் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் மிக மிக அருகியே காணப்படுகின்றன. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் கனத்த, தூய வெள்ளியே நிறைந்திருக்கிறது. நம் நாட்டு வணிகர் காசின் தலையைப் பார்த்து ஏமாறாமல் எடையையும் மாற்றையும் பார்த்து வாங்கினர் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இலங்கை மன்னன் ஒருவன், பல்வேறு அரசர்களின் தலைகள் பொறித்திருந்தும் தெனாரியஸ்கள் அனைத்தும் ஒரே எடையில் இருந்தது கண்டு ரோமானியரின் நேர்மையை வியந்தான் என்று பிளினி எழுதியிருக்கும் செய்தியும் இதனோடு ஒத்துப் போகிறது. கிளாடியஸ் காலத்து நிகழ்ச்சியாக அவர் அதனைக் கூறுகிறார்.

ஆகவே, கோனேரிப்பட்டிப் புதையலில் இருந்தவை டைபீரியஸின் காசுகள் மட்டுமே என்றால், அது கொங்கு நாட்டின் பொதுவான புதையல் மரபுக்குள் அமைதியாக வந்து அமர்ந்துவிடும். 1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த 522 வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவருக்கும் உரியவை. 1946இல் உடுமலைப்பேட்டைப் பகுதியில் பூதிநத்தத்தில் கிடைத்த பெரும்புதையலும் அத்தகையதே. அகஸ்டஸின் காசுகளில் அவருடைய பேரர்களான கையஸும் லூசியஸும் கேடயங்களுக்கு இருபுறமும் நிற்கும் வடிவமே இப்புதையல்களில் மேலோங்கி நிற்கிறது. இதற்கு மாறாக, கோனேரிப்பட்டியில் கிளாடியஸின் காசுகளும் நீரோவின் காசுகளும் கலந்திருந்தன என்றால், அது வேறு வகையான புதையல். ஒரு புதையல் எப்போது மண்ணுக்குள் சென்றது என்பதை அதிலுள்ள மிகப் பிந்திய காசே தீர்மானிக்கும். அக்காசு அச்சிடப்பட்ட ஆண்டுக்கு முன்னர் அப்புதையல் புதைக்கப்பட்டிருக்க முடியாது. ஆனால் அது கீழெல்லை மட்டுமே. டைபீரியஸின் கனத்த வெள்ளி அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்தும் கைமாறிக் கொண்டிருந்திருக்கலாம். நீரோவின் ஒரே ஒரு காசு இருந்தாலும் அவ்வெல்லை கி.பி. 54க்குப் பின்னால் நகர்ந்துவிடும். இவ்வாறு ஒரு காசின் பெயர் மாறினால் ஒரு புதையலின் காலம் மாறுகிறது. புதையலின் காலம் மாறினால் அச்சமவெளியின் வாணிக வரலாறும் மாறுகிறது.

நமது மதிப்பீடு இது: ‘37-68’ என்னும் எல்லை, காலிகுலா முதல் நீரோ வரையிலான மூவரின் ஆட்சியை மிகச் சரியாக அளந்து நிற்கிறது. இத்துணைப் பொருத்தமான எல்லை தற்செயலாக அமைவது கடினம். ‘டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ’ என்று காற்புள்ளிகளோடு எழுதப்பட்ட ஒரு பட்டியல், படியெடுக்கும்போது காற்புள்ளிகளை இழந்து ஒரே பெயராகி, அதனருகே ஆண்டுகளும் பிறழ்ந்து வந்து ஒட்டிக்கொண்டன என்று கொள்வதே இப்பிழைக்கு மிக எளிய விளக்கமாகும். இது காசுகளை எண்ணிச் சொன்ன முடிவன்று. வாக்கியத்தின் கட்டமைப்பை ஆராய்ந்து பெற்ற ஊகம். இதனை உறுதி செய்யவோ மறுக்கவோ வல்லவை காசுகளே.

பெயரில் மட்டுமன்றி இடத்திலும் இவ்வாக்கியம் வாசகரைத் திணற வைக்கிறது. ‘சேலத்துக் கோனேரிப்பட்டி’ என்பது 1987ஆம் ஆண்டின் சேலம் மாவட்டத்தை வைத்து எழுதப்பட்ட முகவரி. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது 1997இல்தான். ராசிபுரத்தை அடுத்தும் ஒரு கோனேரிப்பட்டி உண்டு. அது இன்று நாமக்கல் மாவட்டம். சங்ககிரிப் பக்கம் காவிரிக் கரையிலும் ஒரு கோனேரிப்பட்டி உண்டு. அங்குள்ள கதவணை அப்பெயராலேயே வழங்கப்படுகிறது. முன்னது கொல்லிமலைக்கு மேற்கே உள்நாட்டுச் சமவெளியில் உள்ளது. பின்னது கரூரை நோக்கிப் பாயும் ஆற்றின் கரையில் உள்ளது. கரூரோ சேரரின் உள்நாட்டுத் தலைநகராக ஆய்வாளர் பலரும் கருதும் நகரம்; ரோமானியக் காசுகளும், ‘மாக்கோதை’ என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரரின் வெள்ளிக் காசுகளும் அங்கு அமராவதி ஆற்று மணலிலிருந்து கிடைத்துள்ளன. நாமக்கல் சமவெளியின் தென்விளிம்பிலிருந்து காவிரியைக் கடந்தால் கரூர்ப் பக்கம். புதையல் ஆற்றங்கரை ஊரில் கிடைத்ததா, உள்நாட்டு ஊரில் கிடைத்ததா என்பது வாணிகப் பாதையை வரைவோர்க்கு உயிர்நிலையான வினா. வட்டத்தின் பெயரை ஒரே ஒரு சொல்லால் குறித்திருந்தால் இவ்வினா எழுந்தே இராது.

பழைய பதிவுகளைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை இன்னும் மிகுதியாகத் தேவைப்படும். 1965க்கு முன் சேலம் மாவட்டம் என்பது தருமபுரியையும் உள்ளடக்கியது; தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆங்கிலேயர் காலப் பதிவொன்றில் ‘சேலம் மாவட்டம்’ என்று கண்டால் அது இன்றைய நான்கு மாவட்டங்களில் எதையும் குறிக்கலாம். எல்லைகள் மாறும், மண் மாறாது. ஆதலால் புதையலின் முகவரியை மண்ணைக் கொண்டே குறிக்க வேண்டும்.

இங்கு நம் அறிவு மரபின் ஒரு நெறியை நினைவுகூர்வது பொருத்தம். ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் உள்ளடக்கமாகிய மத்னையும், அதனைக் கொண்டு வந்து சேர்த்தோரின் தொடராகிய இஸ்னாதையும் தனித்தனியே எடைபோட்டுப் பார்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அக்கலையின் புனிதம் வேறு. ஒரு மாவட்டக் குறிப்பின் தரம் வேறு. எனினும் கேள்வி ஒன்றுதான்: இதனை யார் கண்டார், யார் எழுதினார், அவரிடமிருந்து யார் பெற்றார்? கோனேரிப்பட்டி வாக்கியத்தில் மத்ன் தன்னைத்தானே மறுக்கிறது. இஸ்னாதோ சொல்லப்படவே இல்லை. காசுகள் எத்தனை, அவற்றைப் படித்தவர் எவர், அவை எந்தக் கலத்தில் இருந்தன, இப்போது எங்கு வைக்கப்பட்டுள்ளன என்பவற்றுள் ஒன்றையும் அவ்வாக்கியம் கூறவில்லை. பல இடங்களில் அச்சேறியிருப்பதால் அது வலுப்பெற்று விட்டதாகத் தோன்றலாம். ஒரே மூலத்திலிருந்து நூறு பேர் படியெடுத்தாலும் அது ஒருவரின் சாட்சியமே.

நல்ல பதிவு எவ்வாறு இருக்கும் என்பதற்கும் முன்மாதிரிகள் உள்ளன. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளை ஜார்ஜ் ஹில் உடனடியாக ஆராய்ந்து வெளியிட்டார். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான அரசர்களின் காசுகள் அவை. அவற்றில் பத்துக்கு ஒன்பது காசுகளின் முகத்தில் உளியால் வெட்டிய தழும்பு இருந்ததை அவர் பதிவு செய்தமையால்தான், அவ்வெட்டு எதற்காக என்ற விவாதம் இன்றுவரை பயனுள்ள முறையில் தொடர்கிறது. ராபர்ட் சூவெல் 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளின் பட்டியலைத் தொகுத்தார். பவுலா டர்னர் 1989இல் அத்தகைய பட்டியலை விரிவாகத் திருத்தி வெளியிட்டார். இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்காலச் செப்புக் காசுகளை 1994இல் நூலாக்கினார். இவர்கள் காசைப் பற்றிப் பெருமிதமாகப் பேசுவதற்கு முன் அதனை எடையிட்டனர், எழுத்துகளைப் படியெடுத்தனர், கிடைத்த இடத்தைக் குறித்தனர்.

காசு சேர்ப்போரிடமும் நாம் சில சொற்கள் சொல்ல வேண்டியுள்ளது. வெள்ளிக் காசு கையில் கிடைத்ததும் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் தேய்ப்பது நம்மவர் வழக்கம். இரண்டாயிரம் ஆண்டுகள் படிந்த கருமை அழுக்கன்று. எழுத்தின் விளிம்புகளைக் காத்து நிற்கும் போர்வை. தேய்ப்பவர் முதலில் இழப்பது ‘தி’ என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கும் சொல்லைத்தான். அதனை இழந்தால் டைபீரியஸும் கிளாடியஸும் பிரித்தறிய இயலாதவர் ஆகிவிடுவர். போலிகளும் மிகுதி. டைபீரியஸின் காசு கிறிஸ்தவ மறைநூல் நிகழ்ச்சி ஒன்றோடு இணைத்துப் பேசப்படுவதால் உலகெங்கும் அதன் வார்ப்புப் போலிகள் விற்கப்படுகின்றன. விளிம்பைச் சுற்றி ஓடும் வார்ப்புக் கோடு, மேற்பரப்பில் காணும் நுண்குழிகள், மழுங்கிய எழுத்துகள், பொருந்தாத எடை ஆகியவை போலியைக் காட்டிக் கொடுக்கும். பண்டைய போலிகள் வேறு வகை: செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியவையும், லத்தீன் எழுத்தறியாத உள்நாட்டுக் கைவினைஞர் பார்த்துச் செய்தமையால் எழுத்துகள் சிதைந்து போனவையும் உண்டு. இவற்றை ஒதுக்கிவிடலாகாது. ரோமானியக் காசுக்கு இந்நாட்டில் இருந்த மதிப்பை உண்மைக் காசைவிட அவை தெளிவாகச் சொல்லும். காதணியாகவோ மாலையாகவோ கோத்து அணிவதற்காக வளையம் பற்றவைத்த தடமும், துளையிட்ட தடமும் அவ்வாறே மதிப்புடையவை.

சட்டத்தின் நிலையும் சிந்தனைக்குரியது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அரசு அதனைத் தன்வயப்படுத்தும்போது, பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வழங்க அச்சட்டம் வகை செய்கிறது. அதாவது, சட்டத்தின் கணக்கில் ஒரு தெனாரியஸ் என்பது நான்கு கிராம் வெள்ளியும் அதற்கு மேல் சிறிதும்தான். சந்தையில் அதற்குப் பன்மடங்கு விலை கிடைக்கும் என்பதை அறிந்தவர் ஆட்சியரிடம் செல்லத் தயங்குவார். அறியாதவர் உருக்கிவிடத் துணிவார். காசின் உண்மையான மதிப்பு அதன் எழுத்திலும் அது கிடைத்த குழியிலும் இருக்கிறது என்பதைச் சட்டம் உணரும் வரை, அறிவிக்கும் உழவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் தக்க சன்மானம் கிடைக்க வழிசெய்யும் வரை, புதையல்கள் சிதறிக்கொண்டே இருக்கும்.

சேலத்தைப் பொறுத்தவரை இவ்விடர் இன்னும் அணுக்கமானது. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற நகரம் அது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளின் மூசைகளில் பழைய வெள்ளி நாள்தோறும் உருகிப் புதிய அணியாகிறது. வெள்ளிக்குத் தன் முன்வாழ்வு நினைவில் இருப்பதில்லை. உருகியபின் டைபீரியஸும் நீரோவும் ஒன்றே. மூசை செய்யும் அதே வேலையைத்தான் ஆராயாமல் எழுதப்பட்ட வாக்கியமும் செய்கிறது: மூன்று பேரரசர்களை ஒன்றாக உருக்கி, எவருக்கும் உரியதல்லாத ஒரு பெயரை வார்த்தெடுக்கிறது.

இச்சமவெளியின் பழம்பெருமைக்கு இத்தகைய வாக்கியத்தின் துணை தேவையில்லை. கஞ்சமலையின் இரும்புத் தாதும், சித்தம்பூண்டிப் பாறைகளிலுள்ள குருந்தக் கல்லும், காவிரியின் நீர்வழியும் அதற்கு உண்டு. பிளினி புகழும் கீழைநாட்டு இரும்பு சேரநாட்டு இரும்பே என்று கருதுவோரும் உளர். அக்கருத்தை நிலைநாட்ட உலோக ஆய்வு வேண்டும். ஒரு பானை தெனாரியஸ் அதற்குச் சான்றாகாது. எந்தப் பொருளுக்கு ஈடாக அவ்வெள்ளி இங்கு வந்தது என்பதைக் காசு கூறாது. எப்போதிருந்து அது இங்கு இருந்திருக்கக்கூடும் என்பதை மட்டுமே கூறும். அதனையும் படித்தவருக்கு மட்டுமே கூறும்.

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. கோனேரிப்பட்டிக் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகப்பெழுத்து, பின்புற உருவம், எடை, விளிம்பின் நிலை, வெட்டுத் தழும்பு ஆகியவற்றைக் குறித்து, புகைப்படத்துடன் தமிழில் ஒரு பட்டியல் வெளியிடப்பட வேண்டும். கிடைத்த ஊர் எந்த வட்டத்தது என்பது அதன் முதல் வரியில் இருக்க வேண்டும். அது வரும் வரை, மாவட்ட வரலாறு எழுதுவோர் ‘1987இல் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. பேரரசரின் பெயரையும் ஆண்டையும் காசுகள் தாமே வந்து சொல்லட்டும். அவற்றுக்கு வாய் உண்டு, கேட்பதற்கு நாம் குனிந்தால் போதும்.